நுரையீரல் ரத்தக்கட்டி: ஆண், பெண் வேறுபாட்டை எங்கே கணக்கில் எடுக்கணும், எங்கே எடுக்கக்கூடாது?

#1 வார்டுசுற்று

வணக்கம். முதுநிலை மாணவர்களுக்கு ஒரு வகுப்புக்காகக் குறிப்பு எடுக்கிறேன். நுரையீரல் தமனியை ரத்தக்கட்டி அடைப்பது, அதாவது பல்மனரி எம்பாலிசம், சுருக்கமாக பி.இ. படிக்கப் படிக்க முன்னுக்குப் பின் முரணாகவே இருக்கிறது. இளம் பெண்களுக்கு அதிகம் வரும் என்கிறார்கள்; அடுத்த பக்கத்திலேயே ஆண்களுக்குத்தான் திரும்பத் திரும்ப வரும் என்கிறார்கள். பி.இ. வந்தவரின் ஆபத்தைக் கணக்கிடும் பெசி மதிப்பெண்ணில் ஆண் என்றாலே 10 சேர்க்கிறோம். அதன் சுருக்க வடிவமான எஸ்-பெசியிலும், பி.இ. சந்தேகத்தை எடைபோடும் வெல்ஸிலும் பாலினமே கிடையாது. சோதனை இல்லாமலே பி.இ.யை விலக்கும் பெர்க் விதியில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் இருக்கிறது. மாணவர்களுக்கு இதை எப்படிக் கோத்துச் சொல்வது? கட்டிலருகே உதவுகிற விவரம்தான் வேண்டும்.

#2 நுரையீரல்வாசி

முரண் ஒன்றும் இல்லை. முதல் கட்டி யாருக்கு வரும் என்பது ஒரு கேள்வி. ஒருமுறை வந்தது யாருக்குத் திரும்பும் என்பது வேறு கேள்வி. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கொடுத்தால் யாருக்கு ரத்தம் கசியும் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் விடை வேறு வேறு. எல்லாவற்றையும் "ஆணுக்கு அதிகமா, பெண்ணுக்கு அதிகமா" என்ற ஒரே தராசில் போடுவதால்தான் குழப்பம்.

முதல் கட்டி: பிள்ளை பெறும் வயதில் பெண்களுக்கு அதிகம், 50க்கு மேல் ஆண்களுக்கு அதிகம். இளவயதில் பெண் முன்னே நிற்பதற்குக் காரணம் கர்ப்பம், பேறுகாலம், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. நெதர்லாந்தின் மெகா ஆய்வுக் குழு 2014-ல் இதைப் பிரித்துப் பார்த்தது. இந்த மூன்றும் இல்லாத பெண்களோடு ஒப்பிட்டால், முதல் கட்டியிலும் ஆணுக்குச் சுமார் 2 மடங்கு. அதாவது அடிப்படை ஆபத்து ஆணிடம் கூடுதல். பெண்ணுக்கு அதன்மேல் தற்காலிகச் சுமை ஏறி இறங்குகிறது.

இதைப் புரிந்துகொண்டால் திரும்ப வருவதும் புரியும். சுமையை இறக்கிவிட்டால் பெண்ணின் ஆபத்து இறங்குகிறது. ஆணிடம் பெரும்பாலும் இறக்க எதுவும் இல்லை. வியன்னாவில் 826 பேரைத் தொடர்ந்து கவனித்து 2004-ல் வெளியான ஆய்வில், மருந்தை நிறுத்திய 5 ஆண்டில் மீண்டும் கட்டி வந்தது ஆண்களில் 30.7%, பெண்களில் 8.5%. பிறகு வந்த தொகுப்பாய்வுகளில் இடைவெளி இவ்வளவு பெரிதாக இல்லை. 2019 தொகுப்பில் 10 ஆண்டில் ஆண் 41%, பெண் 29%. மாணவர்களுக்கு இரண்டையும் சொல்லுங்கள். 2004 எண்ணை மட்டும் சொன்னால் பெண்ணுக்குத் திரும்பவே வராது என்று நினைத்துவிடுவார்கள். 29% சின்ன எண் இல்லை.

உயரமும் ஒரு காரணம். உயரமானவர்களுக்குக் கால் சிரை நீளம், அழுத்தம் அதிகம். ஆண்களின் கூடுதல் ஆபத்தில் ஒரு பகுதியை இது விளக்குகிறது, முழுதையும் இல்லை.

#3 வார்டுசுற்று

நன்றி டாக்டர். அறிகுறிகளில் வேறுபாடு உண்டா?

#4 நுரையீரல்வாசி

பதிவேடுகளில் பெண்களிடம் மூச்சுத்திணறல் கொஞ்சம் அதிகம். ஆண்களிடம் நெஞ்சுவலியும் இருமலில் ரத்தமும் கொஞ்சம் அதிகம். ஆண்கள் கால் வீக்கத்தோடு வருவதும் கூடுதல். ஆனால் தனி நோயாளியிடம் இதை வைத்து முடிவெடுக்க முடியாது. நான் கவலைப்படுவது வேறு விஷயம். 30 வயதுப் பெண் மூச்சு வாங்குகிறது என்று வந்தால் "பதட்டம்", "ரத்தசோகை", "கேஸ்" என்று எழுதி அனுப்பிவிடுவது. நாடித்துடிப்பு 110, ஆக்சிஜன் 93 என்று இருக்கும்போது பதட்டம் என்று எழுதவே கூடாது. மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சமீபத்தில் பிரசவமா, பீரியட்ஸைத் தள்ளிப்போட ஏதாவது எடுத்தீர்களா என்று மூன்று கேள்வி கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

பெர்க் விதியை இங்கே தவறாகப் பயன்படுத்துகிறார்கள். எட்டு நிபந்தனையில் ஒன்று ஈஸ்ட்ரோஜன் எடுக்காமல் இருப்பது. மாத்திரை எடுக்கிற பெண்ணை பெர்க் வைத்து வீட்டுக்கு அனுப்பவே முடியாது. கர்ப்பிணிக்கு அந்த விதியே பொருந்தாது.

#5 பேறுகாலம்

அந்த மூன்றாவது கேள்விக்காக உங்களுக்குத் தனி நன்றி. தமிழ்நாட்டில் கேட்காமலே விடுகிற கேள்வி அதுதான். கல்யாணம், கோயில், தேர்வு என்று நாரெத்திஸ்டிரோன் 5 மி.கி. மாத்திரையை மருந்துக்கடையில் சீட்டே இல்லாமல் வாங்கி நாளுக்கு மூன்று போடுகிறார்கள். "அது புரோஜெஸ்டிரோன்தானே, ஈஸ்ட்ரோஜன் இல்லையே" என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். உடலுக்குள் அதன் ஒரு பகுதி எத்தினைல் ஈஸ்ட்ரடையாலாக மாறுகிறது. தினம் 10 முதல் 20 மி.கி. எடுத்தால், 20 முதல் 30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுத்ததற்குச் சமம். அரசு தருகிற மாலா-என் மாத்திரையில் இருப்பதே 30 மைக்ரோகிராம்தான். ஆக, முன்பு ரத்தக்கட்டி வந்தவருக்கோ, குடும்பத்தில் இளவயதிலேயே வந்திருந்தாலோ, உடல் எடை மிக அதிகமாக இருந்தாலோ இதைக் கொடுக்கக்கூடாது. மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் மாத்திரை இப்படி ஈஸ்ட்ரோஜனாக மாறுவதில்லை. ஆனால் அதையும் கேட்டு விசாரித்துத்தான் எழுதணும்.

கருத்தடை மாத்திரைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. எதுவும் எடுக்காத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 2 பேருக்குக் கட்டி வந்தால், லெவோநார்ஜெஸ்ட்ரல் சேர்ந்த மாத்திரையில் 5 முதல் 7; டிராஸ்பிரினோன், டெசோஜெஸ்ட்ரல் சேர்ந்ததில் 9 முதல் 12. இது ஐரோப்பிய மருந்து முகமை 2013-ல் மறுஆய்வு செய்து சொன்ன கணக்கு. மாலா-என்னில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல், அதாவது ஆபத்து குறைந்த வகை. முகப்பருவுக்கும் பி.சி.ஓ.எஸ்.-க்கும் எழுதுகிற சைப்ரோட்டிரோன் கலவையில் ஆபத்து லெவோநார்ஜெஸ்ட்ரலைவிடக் கூடுதல். 35 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் வேறு அதில் இருக்கிறது. இருபது வயதுப் பெண்ணுக்குப் பருவுக்காக அதை ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது சரியில்லை.

எண்ணைச் சொல்லும்போது கர்ப்பத்தோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். 10,000 பேருக்குக் கர்ப்பத்தில் ஆண்டுக்கு 5 முதல் 20, பேறுக்குப் பிறகு 40 முதல் 65 என்று அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் அட்டவணை சொல்கிறது. மாத்திரைக்குப் பயந்து நிறுத்திவிட்டு, வேண்டாத கர்ப்பம் வந்தால் ஆபத்து கூடத்தான் செய்யும்.

ஏற்கெனவே பி.இ. வந்த பெண்ணுக்குக் காப்பர்-டி அல்லது லெவோநார்ஜெஸ்ட்ரல் கருப்பைச் சாதனம். அந்தரா ஊசியை (மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் கருத்தடை ஊசி) நான் எழுத மாட்டேன். அந்த மருந்தில் கட்டி கூடுவதாக ஆய்வுகள் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் தேவைப்பட்டால், மாத்திரை ஈஸ்ட்ரோஜன் ஆபத்தைச் சுமார் 2 மடங்காக்குகிறது. தோலில் ஒட்டும் பட்டையிலும் ஜெல்லிலும் அந்தக் கூடுதல் தென்படவில்லை; கல்லீரல் வழியாக முதல் சுற்று போகாததுதான் காரணம்.

#6 மருந்துமேசை

நான் மருந்தியல் பக்கம் பேசுகிறேன். உடலளவில் சிறிய, வயதான பெண்களுக்குத்தான் அளவு தவறுகிறது. வார்டில் அடிக்கடி நடப்பது இதுதான்: வயது 72, எடை 48 கிலோ, கிரியேட்டினின் 1.3. "1.3தானே, பரவாயில்லை" என்று எனாக்ஸபாரின் (உறைவெதிர்ப்பு ஊசி) 60 மி.கி. இருவேளை எழுதுகிறார்கள்.

சிறுநீரகச் செயல்திறன் கணக்கைப் போடுங்கள். 140-லிருந்து வயதைக் கழித்தால் 68. அதை எடை 48-ஆல் பெருக்கினால் 3264. கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கினால் 93.6. வகுத்தால் 34.9. ஆண் என்றால் இங்கேயே நின்றுவிடும், வழக்கமான அளவு கொடுக்கலாம். பெண்ணுக்கு 0.85-ஆல் பெருக்கணும்: 29.6. முப்பதுக்குக் கீழே போய்விட்டது. இனி கிலோவுக்கு 1 மி.கி. ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டுமே. எழுதியது நாளைக்கு 120 மி.கி.; கொடுக்கவேண்டியது 48, அதாவது சுமார் 50. இரண்டரை மடங்கு. நாலாம் நாள் ஹீமோகுளோபின் இறங்கி, வயிற்றுத் தசையில் ரத்தம் கட்டி நிற்கும்.

60 மி.கி. சிரிஞ்சையே முழுதாகப் போடுவதும் ஒரு காரணம். அதில் கோடு போட்டிருக்கும். 0.1 மி.லி.க்கு 10 மி.கி. 0.5 மி.லி. கோடு வரை தள்ளிவிட்டு மிச்சத்தைப் போட்டால் 50 மி.கி. செவிலியருக்கு மி.லி.யிலும் சேர்த்து எழுதிக்கொடுங்கள்.

கட்டி கரைக்கும் மருந்திலும் இதே கதை. ஆல்டிப்ளேஸ் 2 மணி நேரத்தில் 100 மி.கி. என்று மனப்பாடமாக எழுதுகிறார்கள். 65 கிலோவுக்குக் கீழ் கிலோவுக்கு 1.5 மி.கி.க்கு மேல் போகக்கூடாது; 48 கிலோவுக்கு 72 மி.கி. டெனெக்டிப்ளேஸ் என்றால் 60 கிலோவுக்குக் கீழ் 30 மி.கி. பெய்தோ ஆய்வில், ரத்த அழுத்தம் சரியாக இருந்தவர்களுக்கு டெனெக்டிப்ளேஸ் கொடுத்தபோது மூளையில் ரத்தக்கசிவுப் பக்கவாதம் 2%. ஹெப்பாரின் மட்டும் கொடுத்தவர்களில் 0.2%. பெண்களுக்குக் கசிவு கூடுதல் என்று பல ஆய்வுகளில் வருகிறது. அதற்காக அழுத்தம் சரிந்து கிடக்கிற பெண்ணுக்கு மருந்தை மறுப்பது பெரிய தவறு. அவருக்கு அளவைச் சரியாகப் போடணும், அவ்வளவுதான்.

#7 சந்தேகம்கேட்பவள்

நான் மருத்துவர் இல்லை. ஒரு கேள்வி. பி.இ.க்கு ரிவராக்ஸபான் எடுக்கும் பெண்களுக்குப் பீரியட்ஸில் ரத்தப்போக்கு மிக அதிகமாக இருந்தால், அந்த மூன்று நாள் மட்டும் மாத்திரையை நிறுத்தலாமா?

#8 மருந்துமேசை

கூடாதுங்க, குறிப்பாக முதல் 3 மாதத்தில். இளவயதில் ரிவராக்ஸபானின் அரைவாழ்வு 5 முதல் 9 மணி நேரம்தான். ஒரு நாள் விட்டாலே உடலில் மருந்து இல்லாத மாதிரி. முதல் 21 நாள் 15 மி.கி. இருவேளை, அதன்பிறகு 20 மி.கி. ஒருவேளை, இரண்டுமே சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் போட்டால் சரியாக உறிஞ்சாது.

மணிக்கொரு பேட் நனைவது, பெரிய கட்டிகளாக விழுவது, 7 நாளுக்கு மேல் நீள்வது, எழுந்தால் தலைசுற்றுவது என்றால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அவர் செய்யவேண்டியதைப் பேறுகாலம் மேடம் சொல்வார்.

#9 பேறுகாலம்

முதலில் கர்ப்பப் பரிசோதனை, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், கருப்பை ஸ்கேன். நார்த்திசுக்கட்டி இருந்து, அது மருந்தால் வெளியே தெரியவருவதும் உண்டு. அடுத்து மருந்தை மாற்றலாம். அபிக்ஸபானில் மாதவிடாய்ப் போக்கு ரிவராக்ஸபானைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனம் நல்ல தீர்வு. டிரானெக்ஸாமிக் அமிலத்தை முதல் 3 மாதத்தில் தவிர்க்கப் பாருங்கள். இரும்புச்சத்தை மறக்காதீர்கள்.

பலர் தவறு செய்கிற இடம் இன்னொன்று இருக்கிறது. பி.இ. என்று தெரிந்த அன்றே கருத்தடை மாத்திரையை நிறுத்திவிடுவது. நிறுத்தியதும் விலகல் ரத்தப்போக்கு வரும், அதே நாளில் முழு அளவு உறைவெதிர்ப்பு மருந்தும் ஓடும். ரத்தம் கொட்டும். முழு அளவில் மருந்து ஓடும்போது ஹார்மோனைத் தொடர்ந்தவர்களுக்குக் கட்டி கூடவில்லை என்பது ரிவராக்ஸபானுக்கான ஐன்ஸ்டைன் ஆய்வுகளின் தரவில் தெரிந்தது. ஆகவே வேறு வழி அமையும்வரை தொடரலாம். உறைவெதிர்ப்பை நிறுத்தப்போகிறீர்கள் என்றால் அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே ஈஸ்ட்ரோஜன் நின்றிருக்கணும். இந்த வரிசை தலைகீழானால்தான் ஆபத்து.

#10 நிழற்படம்

சி.டி. அறையிலிருந்து சில குறிப்பு. கர்ப்பிணிக்கு சி.டி. எடுக்க எல்லாரும் தயங்குகிறார்கள். கருவுக்குப் போகும் கதிர்வீச்சு 1 மில்லிகிரேக்கும் கீழே. 50-க்குக் கீழ் கருவுக்குத் தீங்கு காணப்படவில்லை. மார்பகத்துக்குத்தான் 3 முதல் 10 மில்லிகிரே போகிறது. எடுக்கத் தேவையிருந்தால் எடுங்கள், ஆனால் முதல் தடவையே சரியாக எடுங்கள்.

சரியாக வராமல் போவது ஏன் என்று சொல்கிறேன். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்கம்மா" என்று சொல்கிறோம். ஆழமாக இழுத்ததும், கீழ்ப்பெருஞ்சிரையிலிருந்து சாய மருந்து கலக்காத ரத்தம் இதயத்துக்குள் பாய்கிறது. கர்ப்பத்தில் அந்த ரத்தம் இன்னும் அதிகம். நுரையீரல் தமனியில் சாயம் நீர்த்து, நடுவில் கருப்பாகத் தெரியும். கட்டி என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. "சாதாரணமா மூச்சு விடுங்க, இப்போ அப்படியே நிறுத்துங்க" என்பதுதான் சரி. 18 கேஜ் ஊசி, நொடிக்கு 5 மி.லி. வேகம், 100 கிலோவோல்ட், பெருந்தமனி வளைவிலிருந்து உதரவிதானம் வரை மட்டும். படம் எடுத்தபின் தாய்ப்பாலை நிறுத்தவேண்டிய அவசியம் இல்லை.

#11 பேறுகாலம்

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் சி.டி.க்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. பி.இ. சந்தேகத்தை வடிகட்டும் இயர்ஸ் முறை, கர்ப்பத்துக்கு ஏற்ப மாற்றியது. கேட்கவேண்டியது மூன்று: காலில் கட்டிக்கான அடையாளம், இருமலில் ரத்தம், பி.இ.தான் முதல் சந்தேகமா. மூன்றும் இல்லையென்றால் டி-டைமர் (ரத்தக்கட்டி கரையும்போது ரத்தத்தில் ஏறும் பொருள்) 1000 வரை விடலாம். ஒன்று இருந்தாலும் 500. கால் வீங்கியிருந்தால் முதலில் கால் டாப்ளர்; அதில் கட்டி தெரிந்தால் சி.டி.யே வேண்டாம், சிகிச்சை ஒன்றுதான். 2019-ல் வந்த ஆய்வில் 498 பேரில் 39% பேருக்கு சி.டி. தவிர்க்கப்பட்டது. முதல் மூன்று மாதத்தில் 65%, கடைசியில் 32%. நாளாக ஆக டி-டைமர் தானாகவே ஏறுவதால் இப்படி.

கர்ப்பத்தில் கட்டி பெரும்பாலும் இடது காலில் வரும். வலது இலியாக் தமனி இடது சிரையின் மேல் குறுக்கே போகிறது. கருப்பை வளரும்போது சிரை இன்னும் நசுங்குகிறது. தொடை, இடுப்பு, முதுகு வலி என்று சொல்வார்கள், ஆனால் கெண்டைக்கால் சரியாக இருக்கும். டாப்ளரை முழங்காலோடு முடித்துவிடாமல் இலியாக் வரை பார்க்கச் சொல்லுங்கள்.

சிகிச்சை எனாக்ஸபாரின் கிலோவுக்கு 1 மி.கி. இருவேளை, பேறுக்குப் பின் 6 வாரமாவது, மொத்தம் 3 மாதத்துக்குக் குறையாமல். ரிவராக்ஸபான், அபிக்ஸபான் கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் வேண்டாம். வார்ஃபரின் பாலூட்டும்போது கொடுக்கலாம். முழு அளவு ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் முதுகில் மயக்க ஊசி போடக்கூடாது. பிரசவத் தேதியை ஒட்டித் திட்டமிடணும்.

#12 கேள்விக்குறி

ஆண்கள் பக்கத்துக்கு வருவோம். காரணமே இல்லாமல் பி.இ. வந்தால் "ஆண் என்றால் தொடர்" என்று, மருந்தை நிறுத்துவதா தொடர்வதா எனப் பார்க்கும் ஹெர்டூ-2 விதி சொல்கிறது. இது மொட்டையாக இல்லையா? 6 மாதம் கழித்து டி-டைமர் நார்மல் என்றால் ஆணுக்கும் நிறுத்திப் பார்க்கலாமே. கட்டி திரும்பும் ஆபத்தைக் கணக்கிடும் டாஷ் மதிப்பெண்ணில் 60 வயது ஆண், டி-டைமர் நார்மல் என்றால் 1தான் வரும். ஆண்டுக்குச் சுமார் 3%.

#13 நுரையீரல்வாசி

நல்ல வாதம்தான், ஆனால் அப்படியே செய்து பார்த்த ஆய்வு இருக்கிறது. 2015-ல் வெளியானது. டி-டைமர் நார்மலாக இருந்தவர்களுக்கு மருந்தை நிறுத்தி, ஒரு மாதம் கழித்து மறுபடி பார்த்து, அதுவும் நார்மல் என்றால் நிறுத்தியே வைத்தார்கள். திரும்ப வந்தது ஆண்களில் ஆண்டுக்கு 9.7%. ஈஸ்ட்ரோஜன் தொடர்பில்லாத பெண்களில் 5.4%. ஈஸ்ட்ரோஜனால் வந்து அதை நிறுத்திய பெண்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை. ஆணிடம் நார்மல் டி-டைமர் போதுமான உத்தரவாதம் இல்லை.

தொடர்வது என்றால் ஆயுள் முழுக்க முழு அளவு என்று அர்த்தம் இல்லை. 6 மாதத்துக்குப் பிறகு அபிக்ஸபான் 2.5 மி.கி. இருவேளை, அல்லது ரிவராக்ஸபான் 10 மி.கி. ஆம்ப்ளிஃபை நீட்டிப்பு ஆய்வில், மீண்டும் கட்டி வந்ததோ அதனால் இறந்ததோ ஓராண்டில் வெற்று மாத்திரையில் 8.8%, 2.5 மி.கி.யில் 1.7%. பெருங்கசிவு 0.5%, 0.2%. கசிவு கூடவே இல்லை. இந்த எண்களை நோயாளி முன் வைத்துவிட்டு, அவரையே முடிவெடுக்கச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதுவும் நியாயமான முடிவுதான். ஆணின் ரத்தக்கொதிப்பை மட்டும் கட்டுக்குள் வையுங்கள், ரத்தக்கசிவு ஆபத்தைக் கணக்கிடும் வி.டி.இ.-பிளீட் மதிப்பெண்ணில் கட்டுப்படாத ரத்தக்கொதிப்பு ஆணுக்கு மட்டும்தான் 1 சேர்க்கிறது.

ஆண்களிடமும் இறக்கக்கூடிய சுமை ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. டெஸ்டோஸ்டிரோன். ஆரம்பித்த முதல் 6 மாதத்தில்தான் கட்டி கூடுகிறது. 5,200க்கும் மேற்பட்ட ஆண்களில் நடந்த டிராவர்ஸ் ஆய்வில் பி.இ. 0.9%, வெற்று மருந்தில் 0.5%. ஜிம்மில் போடும் ஊசிக்கு அளவே கிடையாது. ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54% தாண்டினால் நிறுத்தணும். பெண்ணிடம் மாத்திரை பற்றிக் கேட்பதுபோல ஆணிடம் இதைக் கேளுங்கள், குடும்பத்தார் வெளியே போன பிறகு.

#14 கேள்விக்குறி

சரி, ஏற்கிறேன். பெண்களுக்கு ஹெர்டூ-2 எப்படிப் போடுவது? அதில்தான் குளறுபடி நடக்கிறது.

#15 நுரையீரல்வாசி

நான்கு விஷயம். இரண்டு காலில் ஏதாவது ஒன்றில் கருமை, வீக்கம், சிவப்பு இருந்தால் 1. டி-டைமர் 250 அல்லது மேலே என்றால் 1. பி.எம்.ஐ. 30 அல்லது மேலே என்றால் 1. வயது 65 அல்லது மேலே என்றால் 1. மொத்தம் 0 அல்லது 1 என்றால் நிறுத்தலாம். 2 அல்லது மேலே என்றால் தொடரணும். 2017-ல் சரிபார்த்தபோது, நிறுத்திய குறை-ஆபத்துப் பெண்களில் ஆண்டுக்கு 3%. ஆனால் அவர்களிலேயே 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் 5.7%. மாதவிடாய் நின்றவரிடம் விதியை மட்டும் நம்பி நிறுத்திவிடாதீர்கள். அந்த ஆய்வில் ஈஸ்ட்ரோஜனால் கட்டி வந்த இளம்பெண்களும் சேர்ந்திருந்ததால் சராசரி எண் இறங்கித் தெரிகிறது.

ஹெர்டூ-2க்கு டி-டைமரை மருந்து ஓடும்போதே எடுக்கணும். டாஷ் முறைக்கு நிறுத்திய பிறகு எடுக்கணும். இதை மாற்றி எடுத்தால் மதிப்பெண்ணுக்கு அர்த்தமே இல்லை.

#16 மருந்துமேசை

அலகையும் பாருங்கள். நம் ஆய்வகங்கள் சில எஃப்.இ.யூ. அலகில் தருகின்றன, சில டி.டி.யூ. அலகில். எஃப்.இ.யூ. சுமார் இரண்டு மடங்கு. 500 எஃப்.இ.யூ.வும் 250 டி.டி.யூ.வும் ஒன்றேதான். ஹெர்டூவின் 250, வைடாஸ் கருவியின் எஃப்.இ.யூ. அலகில் சரிபார்த்த எண். சீட்டில் டி.டி.யூ. 240 என்று பார்த்து "250-க்குக் கீழே" என்று நிறுத்தினால், உண்மையில் 480-ல் நிறுத்துகிறீர்கள். இன்னும் சில ஆய்வகம் மைக்ரோகிராம்/மி.லி. என்று 0.48 என்று தரும். போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

#17 வார்டுசுற்று

பெசி ஒன்றுதான் மிச்சம். ஆணுக்கு 10 சேர்ப்பதால் நடைமுறையில் என்ன மாறுகிறது?

#18 நுரையீரல்வாசி

60 வயது, நாடித்துடிப்பு 112, மற்றதெல்லாம் சரி. ஆணுக்கு 60 + 10 + 20 = 90, மூன்றாம் வகுப்பு, வார்டில் சேர்க்கணும். பெண்ணுக்கு 80, இரண்டாம் வகுப்பு, வீட்டுக்கு அனுப்பலாம் என்று தாள் சொல்லும். எஸ்-பெசி போட்டால் இருவருக்கும் 1. இருவரும் குறை-ஆபத்து இல்லை. இந்த மாதிரி எல்லையில் நிற்கும்போது நான் எஸ்-பெசி பக்கம்தான் நிற்பேன். எக்கோவில் வலது இதயக்கீழறையையும், ரத்தத்தில் டிரோபோனினையும் (இதயத் தசைச் சேதத்தின் அடையாளம்) பார்க்காமல் 80 என்ற எண்ணை மட்டும் வைத்துப் பெண்ணை அனுப்பக்கூடாது. அனுப்புவது என்றால், வீட்டுச் சிகிச்சைக்குத் தகுதி பார்க்கும் ஹெஸ்டியா பட்டியலையும் ஓட்டிவிடுங்கள். அதில் கர்ப்பிணி என்றாலே சேர்க்கைதான். சிகிச்சையின் மூன்றாம் மாதம் மூச்சு வாங்குகிறதா என்று இருவரையும் கூப்பிட்டுப் பாருங்கள். வாங்கினால் எக்கோவும், நுரையீரலுக்குள் காற்றும் ரத்தமும் போவதைப் பார்க்கும் வி/க்யூ ஸ்கேனும்.